முன்னோர் மதங் கூறலும் இற்றை ஆராய்ச்சியுரையும்

முனைவர் பட்டத்தின் பொருட்டு மாணாக்கர் இயற்றும் ஆராய்ச்சியுரைகளில், முன்னுரையை அடுத்தேனும் அதன் உள்ளீடாகவேனும் ஓர் இயல் அமைந்திருத்தல் இன்று நியதியாகிவிட்டது. எடுத்துக்கொண்ட பொருள்பற்றித் தமக்கு முன்னர் ஆராய்ந்தோர் யாவர், அவர் கண்ட முடிபு யாது என்பதனை அவ்வியல் உரைத்தல் வேண்டும். தமிழ்த் துறையார் அதனை 'ஆய்வு முன்னோடிகள்' என்பர். சமுதாயவியல் முதலிய துறையார் 'இலக்கிய மீளாய்வு' என்பர். பின்னைய பெயர் ஆங்கிலச் சொற்றொடரை அவ்வாறே பெயர்த்ததனாற் பிறந்தது. இலக்கியமென்ற அளவிலே காப்பியமும் பிரபந்தமும் நினைவுக்கு வரும் தமிழ் மாணாக்கனொருவன் அப்பெயரைக் கேட்டு மயங்குவானாயின் அவன்மேற் குற்றமில்லை. பெயர் எதுவாயினும் ஆகுக. அவ்வியல் இக்காலத்து எங்ஙனம் எழுதப்படுகின்றது, எங்ஙனம் எழுதப்படல் வேண்டும் என்பனவே ஈண்டு ஆராயற்பாலன.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியுரைகள் 'சோத்கங்கா' என்னும் பெயரால் இணையத்தில் ஒருங்கு வைக்கப்பட்டிருத்தலின், விரும்புவோர் யாவரும் அவற்றை எளிதிற் காணலாம். தமிழ்ப்பொருள் பற்றியவற்றுட் சிலவற்றை எடுத்து அவ்வியலை மட்டும் தொடர்ந்து படிப்பார்க்கு ஒரு வாய்பாடு புலனாகும். இன்னார் இன்ன ஆண்டில் இன்ன தலைப்பில் ஆராய்ந்துள்ளார்; அவருரை இத்துணை இயல்களை உடையது; அது இவ்வாய்விற்குத் துணையாயிற்று என மூன்று தொடர் ஒருவர்க்கு. அடுத்த பத்தியில் அம்மூன்று தொடரே மற்றொருவர்க்கு. இங்ஙனம் பதின்மரையோ இருபதின்மரையோ நிரல்பட நிறுத்திய பின்னர், இப்பொருளை எவரும் முழுமையாக ஆராய்ந்திலராதலின் இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது என இயல் முடியும். அப்பதின்மர் கூறியது யாது, அவர் தம்முள் மாறுபட்ட இடம் எது, அவர் விடுத்துச் சென்ற ஐயம் யாது என்பன ஆண்டுக் காணக் கிடையா. இதற்குப் புறனடையாகும் நல்லுரைகள் இல்லாமலில்லை, அவை சிலவே.

பிறர் மதத்தை நூலாசிரியனொருவன் கையாளும் நெறி தமிழிற் புதிதாக வகுக்கப்படவேண்டுவதன்று. பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் அதனை எழுவகைப்படுத்திக் கூறினார். பிறர் கொண்டதற்கு உடன்படலாம், மறுக்கலாம், முதற்கண் உடன்பட்டார்போல எடுத்துக்கொண்டு பின்னர்க் களையலாம், தானே ஒன்றை நாட்டி அதனை நிலைபெறுவிக்கலாம், இருவர் தம்முண் மாறுகொண்டவழி ஒருதலை துணியலாம், பிறர் நூலிலுள்ள குற்றத்தைக் காட்டலாம், எவரொடும் படாது தன் மதமே கொள்ளலாம். இவ்வேழனுள், இற்றை ஆராய்ச்சியுரைகளில் உயிர்வாழ்வது முதலதாகிய உடன்படல் ஒன்றே. அதனையும் உடன்படலென்பது மிகையாகும். இன்னது கூறினார் என அறிந்த பின்னரன்றோ உடன்படல் நிகழும்?

அற்றேல், மாணாக்கன் இளையன். முன்னாராய்ந்தோர் ஆசிரியராயும் ஆசிரியர்க்கு ஆசிரியராயும் இருப்பர். அவரோடு மாறுபட உரைத்தல் அடக்கமன்றே எனின், அன்று. சேனாவரையர் தமக்கு முன் தொல்காப்பியத்திற்கு உரைவகுத்த இளம்பூரணரை 'உரையாசிரியர்' என்னும் பெரும்பெயராற் குறித்தே, அவர் கூற்றைப் பல சூத்திரங்களில் எடுத்து மறுத்துச் செல்வர். நச்சினார்க்கினியர் அவ்விருவர்பாலும் கொள்ளத்தகுவன கொண்டு தள்ளத்தகுவன தள்ளுவர். மதித்தலும் மறுத்தலும் ஒருவன்பாலே ஒருங்கு நிற்றல் கூடும் என்பது இதனாற் பெறப்படும். சிவஞான முனிவர் வைத்தியநாத தேசிகரது இலக்கண விளக்கத்தை மறுத்து எழுதிய சூறாவளியோ பெயருக்கேற்ற வன்மையுடையது. அதன் கூர்மையைக் கற்கும் மாணாக்கன் அதன் கடுமையையும் உடன்கற்க வேண்டுவதில்லை. ஆயினும் அச்சூறாவளியிலுங்கூட, எதிர்நூலின் எவ்விடம் எச்சொல் தமக்கு உடன்பாடன்று என்பதை அம்முனிவர் விரல்வைத்துக் காட்டியே செல்கின்றார். நூலை முற்றக் கல்லாதான் அது செய்யமாட்டான்.

கல்லாது சுட்டுதலே இவ்வியலைப் பற்றிய பெருநோய். பழைய ஆராய்ச்சியுரையொன்றில் உள்ள பட்டியலை எடுத்து, ஈற்றில் அவ்வுரையின் பெயரையும் சேர்த்துப் புதுப்பட்டியலாக்குதல் எளிது. இந்நோய் தமிழ்நாட்டிற்கே உரியதுமன்று; தமிழ்த் துறைக்கே உரியதுமன்று. 2003-ஆம் ஆண்டில் சிம்கின், ராய்சௌதுரி என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். 1973-இல் வெளிவந்த பௌதிகக் கட்டுரையொன்று பின்னையோரால் ஏறத்தாழ 4,300 இடங்களில் மேற்கோளாகச் சுட்டப்பட்டிருந்தது. அவற்றுள் 196 இடங்களில், தொகுதியெண் பக்கவெண் முதலியவற்றில் யாதானும் ஒரு பிழை இருந்தது. அப்பிழைகள் வெவ்வேறாயின் தனித்தனியே கைதவறியன எனலாம். ஆயின் வேறுவேறான பிழை 45 மட்டுமே. அவற்றுள்ளும் ஒரே பிழை 78 இடங்களிற் பயின்றிருந்தது. எழுபத்தெண்மர் கை ஒரே எழுத்தில் தவறுதல் இயல்பன்றாதலின், ஒருவர் பிழையைப் பிறர் பார்த்துப் பெயர்த்தெழுதினர் என்பது தேற்றம். இவ்வாறு கணித்து, சுட்டுவோருள் மூலத்தைப் படித்தோர் ஐவரில் ஒருவரளவே ஆகலாம் என அவர் மதிப்பிட்டனர். நூலை உள்ளவாறு படித்த பின்னரும் குறிப்பை மட்டும் பிறர்பாற் பெயர்த்தெழுதும் சோம்பருடையோரும் உளராகலாம். ஆதலின் அவ்வெண்ணை அவ்வாறே கொள்ளவேண்டுவதில்லை. கணித்த முறையோ மறுக்கற்பாலதன்று.

அம்முறை ஏட்டுச்சுவடி ஆராய்ந்தார்க்குப் பழையதே. இரண்டு ஏடுகளில் ஒரே வழூஉப்பாடம் ஒரே இடத்திற் காணப்படின், ஒன்று மற்றொன்றைப் பார்த்தெழுதியதென்றோ, இரண்டும் பிறிதோர் ஏட்டின் வழியன என்றோ துணிவர் பதிப்பாசிரியர். நல்ல பாடம் இரண்டிடத்தும் ஒத்திருத்தல் ஒன்றையும் காட்டாது. பிழை ஒத்திருத்தலே உறவைக் காட்டும். ஏடெழுதினோன் கூலிக்கு எழுதினான். தான் எழுதியதைக் கற்றேன் என்று அவன் சொல்லிக்கொண்டதில்லை. ஆராய்ச்சி மாணாக்கனோ சுட்டிய ஒவ்வொரு நூலையும் தான் கற்றதாகக் கைச்சாத்திடுகின்றான். வேற்றுமை அஃதே.

பிறர் சொல்லைத் தன்சொல்லாக வைத்தலைத் தடுக்கும்பொருட்டுப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் விதிகள் வகுத்தது. மென்பொருளாற் பார்க்குமிடத்து ஒப்புமை 10 விழுக்காட்டிற்கு மேற்படின் உரையைத் திருத்தித் தரல் வேண்டும். 60-க்கு மேற்படின் பதிவே நீக்கப்படும். இவ்விதி வேண்டற்பாலதே. ஆயினும் கணிப்பொறி அளப்பது சொல்லொப்புமை. கல்வியை அஃது அளக்கமாட்டாது. பிறனொருவன் எழுதிய சுருக்கத்தைச் சொல்மாற்றி எழுதிவிடின் ஒப்புமை குறையும். அதனோடு பொருளும் குறையும். 'உடன்பட்டிலர்' என்றது 'ஐயுற்றார்' என மாறும். அடுத்தவன் கையில் 'ஆராய்ந்தார்' என்றாகும். மூன்றாமவன் கையில் 'உடன்பட்டார்' என்றே முடிதலும் உண்டு. இங்ஙனம் தாம் கூறாத கருத்திற்கு உடையராக்கப்பட்டோர், இறந்துபட்டவராயின், எழுந்து வந்து மறுக்கமாட்டார்.

இனி, மேற்கூறியதற்கு மறுதலையாய குறையொன்று பழையவுரைகளிலும் உண்டு. திருக்குறட்குப் பதின்மர் உரைகண்டனர் என்பது வழக்கு. அவருள் மணக்குடவர், பரிதியார், பரிப்பெருமாள், காலிங்கர், பரிமேலழகர் என்னும் ஐவருரை கிடைத்துள்ளன. தருமர், தாமத்தர், நச்சர், திருமலையர், மல்லர் என்பார் உரைகள் கிடைத்தில. பரிமேலழகர் தம்முரையிற் பலவிடத்துப் பிறர்கொண்ட பொருளையும் பாடத்தையும் எடுத்துக்காட்டி, அது பொருந்தாமைக்கு ஏதுவும் கூறிச் செல்வர். அப்பிறர் இன்னாரென்று சுட்டுதல் அவர் வழக்கன்று. கிடைத்துள்ள உரைகளோடு ஒத்துவருவனவற்றை இவை மணக்குடவர் கொள்கை, இவை காலிங்கர் கொள்கை என இக்காலத்தார் ஒருவாறு கூறலாம். ஒன்றோடும் ஒவ்வாதன எஞ்சுமாயின், அவை மறைந்துபோன ஐவருள் ஒருவருடையனவோ, ஏடேறாது பாடஞ்சொல்வார் வாயில் மட்டும் வழங்கியனவோ, துணிதற்கு வழியில்லை. ஒரு பெயர், ஓரிடத்தேனும் சுட்டப்பட்டிருப்பின், உரையாசிரியர் ஒருவர் பெயரளவினின்று பொருளளவிற்கு மீண்டிருப்பர்.

பரிமேலழகர் பெயர் சுட்டாது கருத்துரைத்தார். இற்றையோர் கருத்துரையாது பெயர் சுட்டுவர். இரண்டனுள் இழப்பு மிகுதியுடையது யாதெனின், பின்னதே என்க. என்னை? முன்னதில் உடையவன் தெரியாவிடினும் பொருள் உளது. பின்னதில் உடையவன் பெயரெழுதிய வெறும் பேழையே உளது.

பிறர் மதத்தைக் கூறும் நெறி சமயநூல்களில் இதனினும் செப்பமாக அமைந்துள்ளது. சிவஞானசித்தியார் பரபக்கத்தில் உலகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினால்வர் எடுத்துக்கொள்ளப்பட்டனர். ஒவ்வொருவர்க்கும் முதற்கண் அவர் மதம், அதன்பின் மறுதலை. மதம் கூறும் பகுதியில் மறுப்பு விரவாது. உலகாயதன் பேசுமிடத்து உலகாயதனே பேசுவான். காட்சியன்றிப் பிற அளவை வேண்டா என்பதற்கு அவன் கூறும் ஏதுக்களை ஆசிரியர் அடக்கி வாசிப்பதில்லை. 1313-இல் உமாபதி சிவம் இயற்றிய சங்கற்ப நிராகரணத்தின் பெயரே அந்நெறியைச் சொல்லும்: சங்கற்பம் ஒருவன் கோட்பாட்டை நிறுத்தல், நிராகரணம் அதனை நீக்கல். அதன்கண் மாயாவாதியின் கூற்றை அடுத்து வரும் ஐக்கியவாதி மறுப்பான். அவனை அவனுக்கு அடுத்தவன் மறுப்பான். ஒருவன் விட்ட குறையே மற்றொருவன் வாய்திறத்தற்குக் காரணமாதலின், நூல் பட்டியலாகாது வழக்காய் நடக்கின்றது. ஆண்டு வரிசையில் நூற்பெயர்களை அடுக்கும் மாணாக்கன், அந்நூல்களுள் எது எதற்கு விடையாக எழுந்தது என்று ஒருமுறை வினவிக்கொள்வானாயின், இவ்வமைப்பு அவனுக்குத் தானே வாய்க்கும்.

இந்நூல்களும் எல்லாவாற்றானும் நடுவுநிலையுடையன என்றல் பொருந்தாது. சமயவாத நூல்களில் எதிரி பெரும்பாலும் தோற்றற்கென்றே மேடையேற்றப்படுகின்றான். நீலகேசியில் அவளொடு வாதிட்டு வென்றார் ஒருவருமிலர். எதிரியின் நூல் வழங்குங் காலத்து இதனால் வருங் கேடு சிறிது. ஐயுற்றோன் மூலத்தைப் பார்த்துக்கொள்வான். மூலம் அழிந்துவிட்டாலோ, எதிரி வாயிலாக வந்ததே சான்றாய் நின்றுவிடும். நீலகேசியார் மறுத்த குண்டலகேசி என்னும் பௌத்த காப்பியத்தில் இன்று தனிச்செய்யுளாகக் கிடைப்பன 19 என்பர். அதன் கொள்கையை அறியப் புகுவார், அதனை அழிக்கப் புகுந்த நூலையும் அதன் உரையையுமே நாடல் வேண்டியிருக்கின்றது.

ஆசீவகர் செய்தி இதனினும் இரங்கத்தக்கது. மற்கலி கோசாலனைத் தலைவனாகக் கொண்ட அச்சமயத்தார், புத்தர் காலந்தொட்டு வடநாட்டிலும், பின்னர்த் தென்னாட்டில் நெடுங்காலமும் இருந்தனர். அவர்மேல் இடப்பட்ட வரியைத் தென்னாட்டுக் கல்வெட்டுக்கள் குறிக்கின்றன. அவருடைய நூலொன்றேனும் முழுதாகக் கிடைத்திலது. பௌத்தரும் சமணரும் அவரைப்பற்றிக் கூறியனவும், தமிழில் மணிமேகலையின் சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதை, நீலகேசியின் ஆசீவகவாதச் சருக்கம், சித்தியார் பரபக்கம் ஆகிய மூன்றிடத்துக் கூறியனவுமே எஞ்சியுள்ளன. அஃதாவது, ஒரு சமயத்தின் நினைவு முழுவதும் பிறர் எழுதிய 'முன்னோர் மதம்' என்னும் இயல்களிலேயே தங்கியுள்ளது.

இவற்றைக்கொண்டு அச்சமயத்தை ஆராய்ந்த உரையொன்று இலண்டன் பல்கலைக்கழகத்தில் மாணாக்கரொருவரால் முனைவர் பட்டத்திற்கென எழுதப்பட்டதாகும். அவர் பின்னர்ப் பெரும்புகழ் பெற்ற ஏ. எல். பாஷம், நூல் 1951-இல் வெளிவந்தது. அவர்க்கு முன் ஹோர்ன்லே என்பார் 1908-இல் கலைக்களஞ்சியமொன்றில் எழுதியதும், வேணிமாதவ பருவா 1920-இல் கல்கத்தாவில் வெளியிட்டதும் இருந்தன. ஹோர்ன்லே ஆசீவகரையும் திகம்பர சமணரையும் ஒன்றாக்க முற்பட்டார். பாஷம் அக்கொள்கையைப் பெயரளவிற் சுட்டி அகலாது, அதற்குச் சான்றாகக் காட்டப்பட்ட பழைய உரைப்பகுதியையே எடுத்து ஆராய்ந்து, அத்துணை முடிபிற்கு அஃது இடந்தாராமையைக் காட்டினார். முன்னோரை மதித்தல் என்பது இது.

தமிழ்ச் சான்றுகளில் அவர் கையாண்ட முறை ஆராய்ச்சி மாணாக்கர் ஊன்றி நோக்கற்பாலது. மூன்று நூலும் ஆசீவகர்க்குப் பகைநூல்கள். ஆனால் ஒன்று பௌத்தம், ஒன்று சமணம், ஒன்று சைவம். தம்முள் ஒவ்வாத மூவர் ஒரு செய்தியில் ஒப்புவராயின், அஃது ஆசீவகர் வாய்மொழியை ஒட்டியதாகல் கூடும். நிலம், நீர், தீ, காற்று என்பவற்றோடு உயிரையும் சேர்த்து அணுவாகக் கூறும் அணுக்கொள்கை அத்தகையது. யாதொன்றும் உண்மையில் அசைதலும் மாறுதலும் இல்லை என்னும் நிலைபேற்றுக் கொள்கையோ நீலகேசியிலே விளங்கக் காணப்படுவது. அதனைத் தனியே வைத்து எண்ணல் வேண்டும். பரபக்கத்தில் ஆசீவகன் நிகண்டவாதியை அடுத்து நிற்றலின், அவனைச் சமணருள் ஒரு வகையினனாகக் கருதும் கருத்தும் பின்னர்ப் பரவிற்று. முறைவைப்பும் ஒரு கூற்றாகவே கொள்ளப்படும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. இன்ன நூலை இன்ன நூலின் பக்கத்தில் வைத்தமை பின்னாள் ஒருவனை எங்குக் கொண்டுசெல்லும் என்பதைப் பட்டியலிடும் மாணாக்கன் எண்ணிப்பார்ப்பதில்லை.

இத்துணையும் மாணாக்கன்மேலேயே வைத்துக் கூறல் முறையன்று. அவ்வியல் பெரும்பாலும் முதலாண்டிலேயே, பதிவுக்குரிய திட்டவுரையோடு எழுதப்படுகின்றது. அக்காலத்து அவனுக்குத் தலைப்பு உண்டு, வினா இல்லை. வினா இல்லாதவன் கையில் எல்லா நூலும் ஒரே அளவினவாய்த் தோன்றும். ஒவ்வொன்றிற்கும் மூன்று தொடர் வழங்குவதன்றி அவன் வேறு செய்தற்கில்லை. மூன்றாண்டோ ஐந்தாண்டோ கழித்து, எவ்விடத்து முன்னோர் போதாராயினர் என்பதைப் பட்டறிவால் உணர்ந்த பின்னர், அவ்வியலை அவன் திரும்பப் பார்ப்பதே இல்லை. நெறியாளரும் அது முன்னமே முடிந்ததெனத் தள்ளிவைப்பர். சித்தியாருள் பரபக்கம் முன்னும் சுபக்கம் பின்னுமாக நிற்கின்றன; 301 செய்யுளில் பிறர் மதமும் 328 செய்யுளில் தம் மதமும் கூறப்பட்டன. வைப்புமுறையில் பரபக்கம் முற்பட்டதேனும், சுபக்கத்தின் பொருள் ஆசிரியர் உள்ளத்தே முற்றியிருந்தாலன்றிப் பதினால்வரையும் எவ்விடத்து மறிப்பது என்பது அவர்க்குத் தெரிந்திராது. ஆராய்ச்சியுரையின் முதலியலும் அத்தன்மைத்தே. முதலாண்டில் எழுதுவது தன் நினைவிற்கெனக் குறித்த குறிப்பாக இருக்கலாம். இயலாக வைக்கத்தக்கது இறுதியாண்டில் மீள எழுதப்படுவது.

நூல்கள் மிகப் பல்கிவிட்டன, அனைத்தையும் கற்றல் ஒருவர்க்கு இயலாதே எனின், மெய்யே. அனைத்தையும் சுட்டவேண்டும் என்பது விதியன்று. நாற்பது பெயருக்கு மாறாக ஏழு நூலை எடுத்து, ஒவ்வொன்றையும் அதனை இயற்றினோரே கேட்டாலும் 'யான் கூறியது இதுவே' என்று ஒப்புமாறு ஒரு பக்கம் எழுதி, மேல் எங்கு உடன்பாடு எங்கு ஐயம் என்று காட்டுவானாயின் அமையும். தேர்வாளர் இதனை ஏற்பரோ எனச் சில நெறியாளர் அஞ்சுவர். அவ்வச்சம் வீணன்று, பெயர்த்தொகையை எண்ணிப் பார்த்து நிறைவுறும் தேர்வாளரும் உளர். ஆயினும் வாய்மொழித் தேர்வின்கண் தேர்வாளர் ஒருவர், அவ்வியலிற் சுட்டப்பட்ட நூலொன்றைப் பெயர்சொல்லி, அதன் ஆசிரியர் எதனை மறுக்க அதை எழுதினார் என்று வினவுதற்கு எவ்விதியும் தடையன்று. அவ்வினா ஒரு துறையில் இரண்டு முறை கேட்கப்படின், அடுத்த ஆண்டு அத்துறையினின்று வரும் உரைகளில் பட்டியல் குறுகியிருக்கும்.